எங்கே போனது அந்த அரை லிட்டர்?

பானெட்டைத் திறந்தால் ஓரத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குப்பி இருக்கும். உள்ளே பச்சையோ இளஞ்சிவப்போ நிறத்தில் கூலன்ட். பக்கவாட்டில் இரண்டு கோடுகள். திரவம் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒருவருடைய காரில் அது கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டது. அரை லிட்டர் வாங்கி ஊற்றினார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அதே அரை லிட்டர் குறைவு. வண்டி நின்ற தரையில் ஈரத்தின் சுவடே இல்லை. டாஷ்போர்டில் ஹீட் முள் எப்போதும்போல நடுவில். “வெயில் காலம் சார், ஆவியாகியிருக்கும்” என்றார் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தவர்.

அப்படி ஆவியாகாது. பெட்ரோல் எரிந்து தீரும். என்ஜின் ஆயில்கூடக் கொஞ்சம் எரியும். கூலன்ட் மூடிய பாதைக்குள் சுற்றிச்சுற்றி ஓடும் திரவம். அது செலவாகும் பொருளே இல்லை. சூட்டில் அதன் மட்டம் சற்று ஏறும், ஆறியதும் இறங்கும், அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு அரை லிட்டர் போகிறதென்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த வழியைத் தேடிப் போகும் முன், அந்தத் திரவம் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த அறையின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட், இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். வலுவிழப்பது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். எரிபொருளின் ஆற்றலில் வண்டியை ஓட்டப் பயன்படுவது கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே வெளியேறுகிறது. ஏறக்குறைய அதே அளவு வெப்பம் என்ஜினின் உலோகத்துக்குள் இறங்குகிறது. அதை அப்புறப்படுத்துவதுதான் கூலன்டின் வேலை.

எவ்வளவு வெப்பம் அது? லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால், கூலன்ட் சுமக்க வேண்டிய வெப்பம் சுமார் 18 கிலோவாட். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கால் நிமிடத்தில் கொதிக்க வைக்கவும், இரண்டரை நிமிடத்துக்குள் முழுவதுமாக ஆவியாக்கவும் இது போதும்.

முதல் கார்கள் தண்ணீரை ஆவியாக்கும் வழியைத்தான் பிடித்துக்கொண்டன. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும். போகப்போக ஊற்ற வேண்டும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலான தூரத்தை ஓட்டிக் காட்டினார். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அவர் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கிய கதையை மறக்காமல் சொல்வார்கள். ஆனால் எரிபொருளைவிட அவரை அடிக்கடி நிறுத்த வைத்தது தண்ணீர்தான். வழியில் தண்ணீர் கிடைத்த இடமெல்லாம் வண்டி நின்றது.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் வில்ஹெல்ம் மைபாக். டைம்லர் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்து 1900 டிசம்பரில் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரின் முகப்பில், 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களுக்குள் காற்று, இடுக்குகளில் தண்ணீர். காற்று தொடும் பரப்பு பலமடங்கு பெருகியதால், அத்தனை வலுவான என்ஜினுக்கு 9 லிட்டர் தண்ணீர் போதுமானதாக இருந்தது. அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும். இன்றைய சிறிய கார்களில் நாலு முதல் ஆறு லிட்டர்தான் ஓடுகிறது. வாட்டர் பம்ப் அதை நிமிடத்துக்குப் பல சுற்று விரட்டுகிறது. ஒவ்வொரு முறை ரேடியேட்டரைக் கடக்கும்போதும் ஐந்தாறு டிகிரிதான் குறைகிறது. அந்த ஐந்தாறு டிகிரிதான் என்ஜினைக் காப்பாற்றுகிறது.

என்ஜின் குளிர்ந்தே கிடந்தாலும் நல்லதல்ல. எரிபொருள் சரியாக எரியாது, ஆயில் இளகாது, தேய்மானம் கூடும். அதனால் பாதையில் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள்: தெர்மோஸ்டாட் வால்வு. உள்ளங்கையில் அடங்கிவிடும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். அதன் நடுவிலுள்ள சிறு குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. குறிப்பிட்ட வெப்பநிலையில் மெழுகு இளகி, பத்து விழுக்காட்டுக்கும் மேல் பருத்து, ஒரு தண்டைத் தள்ளி வால்வைத் திறக்கும். எந்த வெப்பநிலை என்பது விளிம்பிலேயே 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும்.

அது வேலை செய்கிறதா என்று பார்க்க அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஒரு பாத்திரமும் அடுப்பும் போதும் என்பார்கள். தண்ணீரில் வால்வை நூல் கட்டித் தொங்கவிட வேண்டும். அடியில் உட்கார வைத்தால் பாத்திரத்தின் சூடு நேராக ஏறி ஏமாற்றிவிடும். பக்கத்தில் ஒரு வெப்பமானி. 75 டிகிரியில் அசைவே இருக்காது. 82 நெருங்கும்போது வால்வுத் தட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு இடைவெளி. தண்ணீர் 95ஐத் தொடும்போது தட்டு எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு எழும்பி நிற்கும். அடுப்பை அணைத்தால் மெல்ல இறங்கி மூடிக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீரிலும் அசையாமல் கிடந்தால் நோய் தெரிந்துவிட்டது என்று பொருள்.

பாதையில் பலரும் பொருட்படுத்தாத இன்னொரு பாகம் ரேடியேட்டர் மூடி. பார்த்தால் வெறும் மூடி. உண்மையில் அது குக்கரின் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. மூடிய பாத்திரத்துக்குள் அழுத்தம் ஏறினால் தண்ணீரின் கொதிநிலையும் ஏறும். அதனால்தான் குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகிறது. கார் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பது, வெளிக்காற்றைவிட எத்தனை ‘பார்’ அழுத்தம் கூடும்வரை மூடி விட்டுக்கொடுக்காது என்பதன் கணக்கு. 1.1 பார் மூடி ஒழுங்காக இருந்தால், சாதாரணத் தண்ணீர்கூட 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் இறுகி வெடித்துவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் கார் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது: என்ஜினுக்கு வேலை கூடுகிறது, கொதிநிலை இறங்குகிறது. கீழே சமவெளியில் காட்டிக்கொள்ளாத பழுதான மூடி மலைப்பாதை வளைவில் வெளிப்படுவதற்குக் காரணம் இதுதான்.

மூடியில் எதிர்த்திசையிலும் ஒரு குட்டி வால்வு உண்டு. என்ஜின் ஆறும்போது திரவம் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது இந்த வால்வு திறந்து, வெளியே குப்பிக்குப் போன கூலன்டைத் திரும்ப உறிஞ்சும். இது அடைத்துக்கொண்டால் போனது போனதுதான். குப்பியில் மட்டம் சரியாக இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன? வெப்பத்தைச் சுமக்கும் திறனில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கலவை அதைவிடக் குறைவாகத்தான் சுமக்கிறது. குளிர்நாடுகளில் அது மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது பெரிய வசதி. தமிழ்நாட்டில் அதற்கு வேலையில்லை. இங்கே அதன் பயன் வேறு. கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துகிறது. அதோடு கலந்திருக்கும் அரிமானத் தடுப்பிகள் அலுமினியத்தையும் இரும்பையும் பம்பின் சீலையும் காக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் நேர்மாறாக நடக்கும். அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் சூட்டில் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்; குளோரைடு அலுமினியத்தைக் குழிகுழியாக அரிக்கும். அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம், தவறில்லை. மற்ற நேரத்தில் கலவை சேர்க்க, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் சரி. ஒரு எச்சரிக்கை: கிளைக்கால் இனிக்கும், கூடவே நஞ்சு. சிந்தியதை நாயும் பூனையும் நக்கிவிடும், துடைக்காமல் விடக்கூடாது.

இனி நோய் கண்டறிதல். “வண்டி ஹீட் ஆகுது” என்று சொல்லி வருபவரிடம் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது “எப்போ ஆகுது?” என்பதைத்தான். பாதி விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

நெரிசலில் ஊர்ந்தால் ஹீட் ஏறுகிறது, ஹைவேயில் போனால் முள் இறங்கிவிடுகிறது என்றால் சந்தேகம் ஃபேன் மீது. வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நின்றால்தான் ஃபேன் தேவைப்படும். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் ரேடியேட்டர் ஃபேனும் சுழல வேண்டும். சுழலவில்லையா? ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் தேடினால் கிடைத்துவிடும்.

ஊருக்குள் சமர்த்தாக இருந்துவிட்டு ஹைவேயிலும் மலையேற்றத்திலும் ஹீட் ஆனால் கதை வேறு. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. உண்டாகும் வெப்பத்தின் அளவுக்கு வெளியேற்றம் ஈடுகொடுக்கவில்லை. ரேடியேட்டர் உள்ளே உப்பால் அடைத்திருக்கலாம், வெளியே சேறும் பூச்சியும் அப்பியிருக்கலாம், பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். பம்ப் வேகமாக இழுக்கும்போது மட்டும் கீழ் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்வதும் உண்டு. இது நின்ற இடத்தில் பார்த்தால் தெரியவே தெரியாத குறும்பு. ரேடியேட்டரின் முகத்தில் அகச்சிவப்பு வெப்பமானியை வரிசையாகக் காட்டிக்கொண்டு போனால் அடைப்பு புலப்படும். சூடான பரப்பின் நடுவே திட்டாக ஒரு இடம் மட்டும் குளிர்ந்திருந்தால், அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை.

கிளம்பிய ஐந்து பத்து நிமிடத்திலேயே முள் சிவப்புக்குப் போகிறது, ஆனால் மேல் ஹோஸைத் தொட்டால் வெதுவெதுப்புதான் என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. என்ஜினுக்குள் வெந்நீர், ரேடியேட்டருக்குள் பச்சைத் தண்ணீர், நடுவே சாத்திய கதவு.

இதையெல்லாம் சொல்லும்போது முள்ளை நம்பித்தான் பேசுகிறோம். முள் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. பல கார்களில் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100ஐத் தொட்டாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். ஆடினால் ஓட்டுநர் பயப்படுவார் என்ற அக்கறை. அதைவிடப் பெரிய வஞ்சகம் ஒன்று உண்டு. முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உணரி திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் வடிந்து அது காற்றிலோ நீராவியிலோ நின்றால் வெப்பம் அதற்குச் சரியாகப் போய்ச்சேராது. என்ஜின் வெந்துகொண்டிருக்கும், முள் நடுவில், சில நேரம் அதற்கும் கீழே. அந்த நிலையில் முள் மேலும் கீழும் தாவுவதும், ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருவதும் நம்பத்தகுந்த அறிகுறிகள். ஹீட்டருக்குப் போக வேண்டிய சூடான திரவமே அங்கு இல்லை.

வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுவதும் திறக்கலாம். அது ஒரு குட்டி ரேடியேட்டர். வியர்த்துக் கொட்டும், ஆனால் கொஞ்சம் வெப்பத்தை என்ஜினிலிருந்து பிடுங்கும். சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரம் கட்டி அணைத்துவிட வேண்டியதுதான். மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் 115 டிகிரியில் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த கணத்தில் 100க்கு இறங்கியாக வேண்டும்; மிஞ்சும் வெப்பம் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் 40 லிட்டருக்கு மேல் நீராவியைக் கிளப்பும். கொதிநீரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அது முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் தொய்ந்து கொடுக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்கலாம். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் ஆபத்து. உலோகம் விரிசல் விடும்.

சரி, அந்த அரை லிட்டர். வெளியே கசிந்தால் தரையில் தெரிய வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பல கசிவுகள் அழுத்தம் ஏறிய பிறகே, ஓடும்போதே நடக்கின்றன. துளி சூடான என்ஜின் மீதோ புகைக்குழாய் மீதோ விழுந்து அங்கேயே காய்ந்துவிடும். தண்ணீர் மறைந்தாலும் சாயமும் உப்பும் மறையாது. அதனால் மெக்கானிக் ஈரத்தைத் தேடாமல் கறையைத் தேடுவார். வாட்டர் பம்பின் அடிவயிற்றில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். உள் சீல் தேய்ந்தால் கசிவு பேரிங்குக்குப் போகாமல் வெளியேறவென்றே வைத்த துளை அது. அதன் கீழே இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பொருக்கு கட்டியிருந்தால் பம்பின் ஆயுள் முடிந்தது. ஹோஸ் கிளிப்புகளின் ஓரம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி உலோகத்தோடு சேரும் மடிப்பு, இவையும் பார்க்க வேண்டிய இடங்கள். காருக்குள் இனிப்பு வாடையும் முன் கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் படியும் பிசுபிசுப்பும் இருந்தால் கசிவு டாஷ்போர்டுக்குள், ஹீட்டரில்.

கண்ணுக்குச் சிக்காவிட்டால் அழுத்தச் சோதனை. ஆறிய என்ஜினில் மூடிக்குப் பதிலாக ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை காற்றை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் மானி முள் அசையாவிட்டால் வெளிப்பாதைகள் ஓரளவு சுத்தம். அதே கருவியில் மூடியையும் சோதித்துவிடலாம். முள் இறங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் எங்கும் ஒரு சொட்டும் காணோம் என்றால்தான் கவலைப்பட வேண்டும். திரவம் என்ஜினுக்குள்ளேயே போகிறது.

உள்ளே போகும் பிரபலமான வழி ஹெட் கேஸ்கட். கீழே என்ஜின் பிளாக், மேலே ஹெட், இடையே இந்த மெல்லிய தகடு. எரிந்த வாயு, ஆயில், கூலன்ட் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைப்பது இதுதான். ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிளாக் இரும்பாகவும் ஹெட் அலுமினியமாகவும் உள்ள என்ஜின் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால், விரிய இடமில்லாத ஹெட் வளைந்துவிடும். பல என்ஜின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதைத் தாண்டினால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன்படுத்த வேண்டும், அல்லது ஹெட்டையே மாற்ற வேண்டும். பத்து நிமிடம் சிவப்பு முள்ளோடு ‘இதோ வீடு வந்துவிட்டது’ என்று ஓட்டியதற்கான செலவு இது.

ஹெட்டை இறக்கிப் பார்ப்பது பெரிய வேலை. இறக்காமலேயே எப்படி அறிவது? ஒரு வழி கையாலேயே. இரவெல்லாம் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் போல இறுகினால், அந்த அழுத்தம் வெந்நீரால் வந்திருக்க முடியாது. தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை. சிலிண்டரிலிருந்து வாயு புகுகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் வெளிறிய பழுப்புக் கூழ் இருப்பது இன்னொரு அறிகுறி. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. குளிர்ந்த இடங்களில் தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் காற்றின் ஈரமே அப்படிக் கூழாகும்.

உறுதியாகச் சொல்வது வேதியியல். புரோமோதைமால் நீலம் என்றொரு சாயம். கரியமில வாயு நீரில் கரைந்து அமிலமாகும் என்பதைக் காட்டப் பள்ளி ஆய்வகங்களில் பயன்படும் அதே சாயம். அதை ஒரு கண்ணாடிக் குழலில் ஊற்றி, குழலை ரேடியேட்டர் வாயில் பொருத்தி, என்ஜினை ஓடவிட்டு, ரப்பர் பந்தை அழுத்தி விட்டால், கூலன்டுக்கு மேலிருக்கும் காற்று சாயத்தின் வழியே குமிழ்விட்டு மேலேறும். வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 விழுக்காடுதான். பெட்ரோல் எரிந்த புகையில் 13 விழுக்காட்டைத் தொடும், முந்நூறு மடங்கு. கேஸ்கட் நன்றாக இருந்தால் எத்தனை முறை பந்தை அழுத்தினாலும் நீலம் நீலமாகவே இருக்கும். வாயு புகுந்தால் முதலில் பச்சை கலங்கி, பிறகு மஞ்சளாகிவிடும். கூலன்டே குழலுக்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும். அதனால் முன்கூட்டியே மட்டத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வார்கள். மெல்லிய விரிசல் பளு ஏறினால் மட்டுமே வாய் திறக்கும் என்பதால், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து திரும்பவும் சோதிப்பதும் வழக்கம்.

கேஸ்கட்டும் நன்றாக இருந்து திரவமும் குறைந்தால், டீசல் கார்களில் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் இருக்கிறது. மாசைக் குறைக்க, புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்கே அனுப்புகிறார்கள். அனுப்பும் முன் அதை ஆற்றுவதற்கு இ.ஜி.ஆர். கூலர் என்றொரு பெட்டி. புகைக்கும் கூலன்டுக்கும் இடையே அதில் மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. அந்தச் சுவரில் விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு கலந்துவிடும். தரை நனையாது, ஆயில் கலங்காது, நீலச் சாயமும் மாறாமல் இருக்கலாம்.

2018 கோடையில் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள், அவற்றில் பெரும்பாலும் 520டி வகை, ஓடும்போதே ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்தன. நிறுவனம் சொன்ன காரணம் இந்தக் கூலரின் கசிவு. கசிந்த கிளைக்கால் புகைக்கரியோடு சேர்ந்து பிசினாகப் படிந்தது. சூடான புகை பட்டுப் படிவு கனன்றது. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் காற்றுக்குழாய் உருகித் துளைவிழுந்து தீ வெளியே வந்தது. ஜூலையில் கொரியாவில் மட்டும் சுமார் 1,06,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆகஸ்டில், சோதனை செய்யாத கார்களைச் சாலையில் ஓட்டக் கூடாதென்று அரசே தடை விதித்தது. அக்டோபருக்குள் உலகம் முழுவதும் திரும்ப அழைக்கப்பட்டவை 16 லட்சம். கூலரைக் கழற்றி, விரிசல் உண்டா என்று பார்த்து, பழுதானதை மாற்றிப் பூட்டினார்கள்.